ஒலி ஒளியானது: பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள்கள் பற்றி ஒரு மதிப்பீடு

அலைகள் பற்றிய பாடத்திற்குச் சில ஸ்லைடுகள் தயாரிக்க வேண்டியிருந்தது. தட்டச்சு செய்வதற்குப் பதிலாகப் பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருள் ஒன்றைப் பயன்படுத்திப் பார்க்கலாம் என்று மைக்கின் முன் அமர்ந்தேன். “காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்” என்று நிதானமாகச் சொன்னேன். சிறிது நேரத்தில் வாக்கியம் முழுவதும் திரையில் வந்துவிட்டது. எழுத்துப் பிழை இல்லை; இலக்கணப் பிழையும் இல்லை. ஆனால் ‘ஒலியின்’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒளியின்’ என்று இருந்தது. ஓர் எழுத்துதான் மாறியிருந்தது. வினாடிக்கு ஏறத்தாழ 3 இலட்சம் கிலோமீட்டர் விரையும் ஒளி, அந்த ஓர் எழுத்தினால் 340 மீட்டருக்கு இறங்கிவிட்டது.

பிழை என் கண்ணில் பட்டது. படாமல் அதை வகுப்பில் காட்டியிருந்தால் மாணவர்கள் அப்படியே ஏட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள். திரையில் பெரிய எழுத்தில் தெரிவதைத் தவறென்று ஐயுறுபவர்கள் மிகச் சிலரே. அச்சில் வந்துவிட்டாலோ சொல்லவே வேண்டியதில்லை.

இத்தகைய மென்பொருள்களின் விளம்பரங்கள் பெரும்பாலும் ஒரே கேள்விக்கு விடை கூறுகின்றன: நூறு சொற்களில் எத்தனையைச் சரியாகக் கேட்கும்? கேட்க வேண்டிய கேள்வி அதுவன்று என்பது என் கருத்து. தவறாகக் கேட்டதை எவ்வளவு எளிதில் திருத்த விடும் என்பதே உண்மையான உரைகல். அதில் உரைத்துப் பார்த்தால், சாதாரண எழுத்துப் பணியில் ஓரளவு தேறும் இம்மென்பொருள்கள், பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் ஸ்லைடு தயாரிக்கும் மென்பொருளிலும் தடுமாறுவதைக் காணலாம். தமிழில் அத்தடுமாற்றம் இரு மடங்காகிறது. அதன் காரணங்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு வேறு வழிகளில் வந்தவை

பேச்சை அறியும் இயந்திரம் புதிய கனவன்று. 1952ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ‘ஆட்ரி’ என்ற கருவி, ஒருவர் சொல்லும் எண்களை மட்டும் அடையாளம் கண்டது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் சியாட்டில் உலகக் கண்காட்சியில் காட்டிய ‘ஷூபாக்ஸ்’ 16 சொற்களை அறிந்திருந்தது. 1976இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ‘ஹார்ப்பி’ ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட சொற்களை எட்டியது. 1990இல் விற்பனைக்கு வந்த ‘டிராகன் டிக்டேட்’ மென்பொருளிடம் ஒவ்வொரு சொல்லையும் விட்டு விட்டுச் சொல்ல வேண்டும். தொடர்ச்சியான பேச்சைக் கேட்டு எழுதும் ‘டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங்’ 1997இல்தான் வந்தது. தமிழ் பேசுவோருக்கு இவ்வசதி பரவலாகக் கிடைக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின. 2017இல் கூகுள் தனது குரல் தட்டச்சில் தமிழைச் சேர்த்தது. 2022இல் ஓப்பன் ஏஐ நிறுவனம் வெளியிட்ட ‘விஸ்பர்’, 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது.

பக்க வடிவமைப்பு மென்பொருள் வேறு வழியில் வந்தது. 1985இல் ஆல்டஸ் நிறுவனத்தின் ‘பேஜ்மேக்கர்’ வந்தது; அதே ஆண்டில் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும் வந்தது. மேசை மேலேயே ஒரு சிறு அச்சகம் உருவாயிற்று. 1987இல் ‘பவர்பாயிண்ட்’ தோன்றியது. இவ்விரண்டும் சுட்டியைக் கையில் பிடித்து, திரையில் ஒன்றைத் தொட்டு இழுத்து வைக்கும் முறையையே அடிப்படையாகக் கொண்டவை. ஒன்று வாய்க்காகப் பிறந்தது; மற்றது கைக்காகப் பிறந்தது. இவற்றை இணைக்கும்போதுதான் சிக்கல் எழுகிறது.

கணினி எப்படிக் கேட்கிறது?

பேசும்போது எழும் காற்றழுத்த மாறுபாட்டை மைக் மின்னழுத்த மாறுபாடாக்குகிறது. கணினி அதனைப் பொதுவாக வினாடிக்கு 16,000 முறை அளந்து எண்களாக்குகிறது. இதனால் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வெண்கள் அதற்குக் கிடைக்கின்றன. பிறகு ஒரு வினாடியின் நூற்றில் ஒரு பங்கு நேரத்துக்கு ஒரு முறை, அக்கணத்தில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் உள்ளது என்று கணக்கிடுகிறது. அந்த வரைபடத்தைக் கொண்டு, சொல்லப்பட்டது எந்த ஒலியாக இருக்கக்கூடும் என்ற நிகழ்தகவைக் காண்கிறது. ஒலி ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொருந்துமானால், முன்னும் பின்னும் உள்ள சொற்களோடு எது அதிகம் சேர்ந்து வரும் என்று பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறது.

லகரத்திற்கும் ளகரத்திற்கும் உள்ள வேறுபாடு நா நுனி படும் இடத்தில் இருக்கிறது. ளகரத்திற்கு நாக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடுகிறது. அப்போது வாயறையின் வடிவம் மாறி, அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்களில் மூன்றாவது தாழ்கிறது. தெளிவாக உச்சரித்தால் இயந்திரம் இதை அறியும். விரைவான பேச்சிலோ இவ்வேறுபாடு தேய்ந்துவிடுகிறது. ரகர றகரமும், நகர னகரமும் பலருடைய பேச்சில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ‘அரை’, ‘அறை’ என்பவற்றுள் எதைச் சொன்னோம் என்று காதால் மட்டும் அறிய முடியாது. அங்கே இயந்திரம் ஊகிக்கிறது. ‘வேகம்’ என்ற சொல்லின் அருகில் ‘ஒளி’ வருவது இயல்பே. ஆகவே அதன் ஊகத்தை முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது. அது தவறான ஊகம், அவ்வளவே.

இங்குதான் ஓர் எச்சரிக்கை தேவை. தட்டச்சுப் பிழை பெரும்பாலும் சொல்லாக இராது. ‘ஒலயின்’ என்று அடித்துவிட்டால் கண் உடனே உறுத்தும். கேட்டு எழுதும் மென்பொருளின் பிழையோ பெரும்பாலும் அகராதியில் உள்ள சொல்லாகவே இருக்கும். எழுத்துத் திருத்தி அதைப் பிடிக்காது; விரைந்து படிக்கும் கண்ணும் பிடிக்காது. பொருள் அறிந்து படிப்பவரால்தான் பிடிக்க முடியும்.

ஒரு சிறு கணக்கு

நூற்றுக்கு 95 சொற்கள் சரியாக வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் பத்துச் சொற்கள் உள்ள ஒரு வாக்கியம் முழுவதும் பிழையின்றி வருவதற்கு உரிய நிகழ்தகவு 0.95ஐப் பத்து முறை பெருக்கிக் கிடைப்பது, அதாவது ஏறத்தாழ 0.6. பத்து வாக்கியங்களில் நான்கில் ஏதேனும் ஒரு பிழை இருக்கும். 99 சொற்கள் சரியாக வந்தாலும் பத்தில் ஒரு வாக்கியம் பழுதுபடும்.

200 சொற்கள் உள்ள ஒரு பக்கத்தைப் பேச இரண்டு நிமிடம் போதும். முதற்கணக்கின்படி அதில் 10 பிழைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் கண்டு திருத்த அரை நிமிடம் ஆனால், திருத்தத்திற்கு மட்டும் 5 நிமிடம். ஆகவே பேசும் நேரத்தை விடத் திருத்தும் நேரமே இம்மென்பொருளின் பயனை முடிவு செய்கிறது. அரை நிமிடம் இரண்டு நிமிடமாக நீளும் இடத்தில், தட்டச்சே மேல் என்று ஆகிவிடும்.

தபால் பெட்டியில் போட்ட கடிதம்

பக்க வடிவமைப்பில் அரை நிமிடம் எவ்வாறு நீளுகிறது என்று காண்போம். சொல் தொகுப்பு மென்பொருளில் சொல்லி எழுதும்போது, “இந்தச் சொல்லைத் தேர்ந்தெடு” என்று கட்டளையிட்டால் அச்சொல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. அவ்வாறு நடக்க வேண்டுமானால், திரையில் என்ன எழுத்து எங்கே இருக்கிறது என்பதைச் சொல் தொகுப்பு மென்பொருள், கேட்டு எழுதும் மென்பொருளுக்குத் தெரிவிக்க வேண்டும். சில மென்பொருள்கள் தெரிவிக்கின்றன. பக்க வடிவமைப்பு மென்பொருள்கள் பொதுவாகத் தெரிவிப்பதில்லை. அங்கே கேட்டு எழுதும் மென்பொருள், ஒருவர் விசைப்பலகையில் தட்டியதைப் போல எழுத்துகளை உள்ளே தள்ளுகிறது. பிறகு அவை என்ன ஆயின என்று அதற்குத் தெரியாது. தபால் பெட்டியில் போட்ட கடிதத்தைத் திரும்ப எடுக்க முடியாதது போலத்தான்.

இக்குறையை டிராகன் நிறுவனத்தாரே உணர்ந்திருந்தனர். எழுத்தின் மீது முழுக் கட்டுப்பாடு கிடைக்காத இடங்களுக்கென்று ‘டிக்டேஷன் பாக்ஸ்’ என்ற தனிச் சாளரத்தை அவர்கள் அமைத்தனர். அதில் பேசி, திருத்தி, முடித்த பிறகு உரிய இடத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் நேரடியாகப் பக்கத்தில் பேச முடியாது என்பதற்கு இதை விடத் தெளிவான ஒப்புதல் வேறென்ன வேண்டும்?

வேறொரு வேறுபாடும் உண்டு. பேச்சு ஒரு கோடு. ஒன்றன்பின் ஒன்றாகவே செல்லும். பக்கம் ஒரு தளம். நீளமும் அகலமும் உடையது. இன்டிசைனில் எழுத்துப் பெட்டி நிறைந்துவிட்டால் மீதி எழுத்து மறைந்து, பெட்டியின் மூலையில் ஒரு சிவப்புக் கூட்டல் குறி மட்டும் தோன்றும். பேசுபவர் பேசிக்கொண்டே இருப்பார், எழுதப்படுவது கண்ணுக்குத் தெரியாது, பிழையும் தெரியாது. பவர்பாயிண்டில் கர்சர் உள்ள பெட்டியில் நேரடியாகப் பேசிவிடலாம். ஆனால் அதன் ஆயத்தப் பெட்டிகளில் எழுத்து கூடக் கூட, இடத்திற்கேற்ப எழுத்தின் அளவு தானாகவே சிறுக்கும். பேச்சின் இயல்பு விரிவு. ஸ்லைடின் இயல்பு சுருக்கம். விரிவாகப் பேசினால் கடைசிப் பெஞ்சு மாணவனுக்குப் படிக்க முடியாத ஸ்லைடுதான் கிடைக்கும். கூகுள் ஸ்லைட்ஸ் இதில் எச்சரிக்கையாக நடந்துகொண்டது எனலாம். அதன் குரல் தட்டச்சு ஸ்லைடுக்குக் கீழே உள்ள பேச்சாளர் குறிப்புகளுக்கென்று அமைக்கப்பட்டது. பேசியது பேச்சுக் குறிப்பாக இருக்கட்டும் என்ற அந்த முடிவில் பொருள் இருக்கிறது.

பெட்டியை நகர்த்துவது, படத்தை வைப்பது முதலியவற்றைக் குரலாலேயே செய்ய முடியாதா? முடியும். திரையை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து எண்ணிடும் முறை ஒன்று உண்டு. ஓர் எண்ணைச் சொன்னால் அக்கட்டம் மீண்டும் ஒன்பதாகப் பிரியும். 1,920 புள்ளி அகலமுள்ள திரையில் ஒவ்வொரு முறையும் அகலம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்: 640, 213, 71, 24, 8. அதாவது ஐந்து எண்களைச் சொன்ன பிறகே எட்டுப் புள்ளி அகலமுள்ள இடத்தை அடைகிறோம். ஒரு பெட்டியை இழுத்து நகர்த்தத் தொடக்கமும் முடிவும் தேவையாதலால் பத்து எண்கள். அவற்றோடு கட்டளைச் சொற்கள் வேறு. கையால் ஒரு வினாடியில் முடியும் வேலை இது.

தமிழுக்கு உரிய தடைகள்

ஆங்கிலத்திற்கு உள்ள இடர்ப்பாடு இவ்வளவே. தமிழுக்கு மேலும் மூன்று உண்டு.

முதலாவது, குறியீட்டு முறை. குரல் தட்டச்சு யூனிகோடு முறையில் எழுத்தைத் தருகிறது. அம்முறையில் ‘கெ’ என்ற எழுத்து, முதலில் ககரம், பிறகு கொம்பு என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது கொம்பை இடப்பக்கம் கொண்டுவர வேண்டியது மென்பொருளின் கடமை. பழைய எழுத்துருக்களிலோ கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே, கொம்பு முன்னும் ககரம் பின்னுமாகச் சேமிப்பார்கள். 2001இல் வெளிவந்த 7.0 என்ற பதிப்போடு நின்றுவிட்ட பேஜ்மேக்கர் யூனிகோடை அறியாது. அதில் குரல் தட்டச்சு எழுத்தை ஒட்டினால் கேள்விக்குறிகளே மிஞ்சும். ஆகவே குறியீட்டை மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஒவ்வொரு மாற்றமும் புதுப் பிழைக்கு ஒரு வாயில். தமிழ்நாடு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றது. 2012இல் வந்த இன்டிசைன் சி.எஸ்.6 இந்திய எழுத்துகளைக் கையாளத் தொடங்கியது. இருந்தும் பழைய எழுத்துருக்களை விடாத அச்சகங்கள் இன்னும் இருக்கின்றன.

இரண்டாவது, கட்டளைகள். கூகுள் டாக்ஸ் 2016இல் திருத்தவும் வடிவமைக்கவும் குரல் கட்டளைகளைச் சேர்த்தபோது அவை ஆங்கிலத்திற்கு மட்டுமே அமைந்தன. டிராகனோ தமிழ் பக்கமே வரவில்லை. தமிழில் பேசி எழுதலாம். தமிழில் பேசித் திருத்த முடியாது என்றால், நமது உரைகல்லில் அது பாதி மென்பொருள்தான்.

மூன்றாவது, நம் மொழியின் இரு வழக்கு. வகுப்பில் “ஒலி அலை பரவுறதுக்கு ஊடகம் வேணும்” என்கிறோம். எழுதும்போது “ஒலியலை பரவ ஊடகம் தேவை” என்கிறோம். கேட்டு எழுதும் மென்பொருளின் முன் வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலப் பேச வேண்டியிருக்கிறது. எங்கே ஒற்று மிகும், எங்கே சொல்லைப் பிரிப்பது என்பதும் அதன் விருப்பம். சிந்தித்துக்கொண்டே அவ்வாறு பேசுவது எளிதன்று.

அறிவியல் எழுதுபவருக்கு மற்றொன்றும் சேர்கிறது. “ஒன் பை எக்ஸ் பிளஸ் ஒய்” என்று வகுப்பில் சொல்கிறோம். ஒன்றை எக்ஸால் வகுத்து ஒய்யைக் கூட்டுவதா, எக்ஸ், ஒய் இரண்டின் கூடுதலால் வகுப்பதா? எக்ஸ் 2, ஒய் 3 என்றால் முதலாவதன் விடை 3.5, இரண்டாவதன் விடை 0.2. கரும்பலகையில் கோட்டின் நீளம் அதைக் காட்டிவிடும். பேச்சில் காட்ட ஒன்றுமில்லை.

யாருக்காகத் திருத்த வேண்டும்?

இத்தனை குறையும் சொன்ன பிறகு, கைகள் நலமாக உள்ளவர்கள் விசைப்பலகைக்கே திரும்பிவிடலாம் என்று முடித்துவிடலாம். ஆனால் கை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஓயாத தட்டச்சினால் மணிக்கட்டு பழுதானவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்பது கட்டங்களும் பத்து எண்களும் நகைப்புக்குரியவையல்ல; அதுவே வழி. பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் ஸ்லைடு தயாரிப்பதாக எண்ணிப் பாருங்கள். அவர் பேசி எழுதுகிறார். திரைவாசிப்பான் படித்துக் காட்டுவதைக் காதால் கேட்டுச் சரிபார்க்கிறார். ஒலி ஒளியானதை அவர் எப்படி அறிவார்? எந்த வேறுபாட்டை இயந்திரத்தின் காது தவறவிட்டதோ, அதையே இவருடைய காது இயந்திரக் குரலில் பிடிக்க வேண்டியிருக்கிறது. ‘அரை’, ‘அறை’ என்றால் அதுவும் இயலாது. மீண்டும் ஒரு முறை சொல்லித் திருத்தலாம் என்றால், மீண்டும் சொன்னாலும் அதே ஒலிதான், அதே ஊகந்தான்.

இதற்குத் தீர்வு நம் தொடக்கப்பள்ளியிலேயே இருக்கிறது. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, சின்ன ர, பெரிய ற, சிறப்பு ழ என்று குழந்தைகள் சொல்லிப் பழகிய பெயர்கள், காதால் பிரித்தறிய முடியாத எழுத்துகளைக் காதாலேயே பிரித்தறியச் செய்த ஏற்பாடுகள். “பெரிய ற போடு” என்றால் ‘அரை’ ‘அறை’யாக வேண்டும். திரைவாசிப்பானைக் கேட்டால் அதே பெயரில் எழுத்தைச் சொல்ல வேண்டும். இதைச் செய்வது பல்லாயிரம் மணி நேரப் பேச்சைச் சேகரிப்பதை விட எளிது. எத்தனை சொற்களைச் சரியாகக் கேட்கிறது என்பதில் போட்டியிடும் நிறுவனங்கள் இதனையும் கருத வேண்டும். பக்க வடிவமைப்பு மென்பொருள் செய்பவர்கள், தம் பெட்டிகளில் உள்ள எழுத்தைப் பிற மென்பொருள்கள் படிக்கவும் திருத்தவும் வழிவிட வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது என்ன? நேரடியாகப் பக்கத்திலோ ஸ்லைடிலோ பேசாதீர்கள். எளிய எழுத்துக் கோப்பில் யூனிகோடு முறையில் பேசி எழுதுங்கள். எண்களையும் அலகுகளையும் சமன்பாடுகளையும், கை இயலுமானால், தட்டச்சு செய்யுங்கள். உங்கள் பாடத்தில் மாறக்கூடிய இணைச் சொற்களைப் பட்டியலிட்டு, முடிந்ததும் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். இயற்பியல் ஆசிரியருக்கு ஒலியும் ஒளியும் அப்பட்டியலில் முதலில் நிற்கும். பொருள் அறிந்த இன்னொருவரைப் படிக்கச் சொல்லுங்கள். இவ்வளவும் ஆன பிறகே எழுத்தைப் பக்கத்தில் ஊற்றுங்கள்.

கணினி இன்று காது பெற்றுவிட்டது என்பதில் ஐயமில்லை. 1952இல் பத்து எண்களோடு தொடங்கிய பயணம் தமிழ் வாக்கியம் வரை வந்திருப்பது பாராட்டுக்குரியதே. ஆனால் தவறாகக் கேட்டதைத் திருப்பிச் சொன்னால் திருத்திக்கொள்ளும் பணிவு அதற்கு இன்னும் முழுமையாக வரவில்லை. நல்ல மாணவனுக்கும் அது வேண்டும். நல்ல மென்பொருளுக்கும் அது வேண்டும்.